சத்தமில்லாத முட்டு

சின்னராசா அண்ணையின் சட்டைப் பொக்கற்றைக் கிழித்தது நான்தான். அதை நான் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் ஊருக்குள் இப்போது கதை வேறு மாதிரிப் போய்க்கொண்டிருக்கிறது. நான் அவருக்கு அடித்தேனாம், டொக்டருக்குத் தூஷணத்தால் ஏசினேனாம், ஆஸ்பத்திரிக் கதவைக் காலால் உதைத்தேனாம். கடைக்குப் போனால் சனம் கதையை நிறுத்திவிட்டு என் காலைப் பார்க்கிறது. எந்தக் காலால் உதைத்தாள் என்று யோசிக்கிறார்களாக்கும். ஆகையால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு ஆரில் பிழையென்று நீங்களே சொல்லுங்கள்.

என் மகள் யதுசிகா. யது என்றுதான் கூப்பிடுவோம். இரண்டாம் வகுப்பு. வாய் மூடாத பெட்டை. 'சாப்பிட்டியா?' என்று யாராவது கேட்டால் 'ஓம்' என்று சொல்லி நிறுத்துகிற பழக்கம் பிறந்ததில் இருந்தே அவளுக்கு இல்லை. என்ன சாப்பிட்டாள், அதில் உப்புக் கூடவா குறைவா, மிச்சத்தை எந்தக் கோழி கொத்தியது, அந்தக் கோழிக்கும் பக்கத்து வீட்டுச் சேவலுக்கும் என்ன தகராறு என்று முழுவதையும் சொல்லி முடித்தால்தான் அவளுக்குச் சாப்பிட்டது செமிக்கும். என் ஸ்கூட்டியில் முன்னுக்கு நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போகும்போது வாய்க்காலில் கிடக்கிற எருமைக்கும் வணக்கம் சொல்லுவாள். ரீச்சர்மார் எத்தனை தரம் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள், "பெரியாக்கள் ஏதும் கேட்டா ஓம், இல்லையெண்டு மரியாதையா மறுமொழி சொல்லப் பழக்குங்கோ அம்மா" என்று. நானும் பழக்கித்தான் பார்த்தேன். அது அவளுக்கு ஏறினால்தானே!

அவளுக்குத் தொய்வு, அதுதான் ஆஸ்மா, இருக்கிறது. சின்னதிலேயே பிடித்துவிட்டது. கிளிநொச்சிப் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் பம்ப் தந்திருக்கிறார்கள், அதைப் பூட்டி இழுக்கிற பிளாஸ்ரிக் குடுவையும் தந்திருக்கிறார்கள். முட்டு வந்தால், அதுதான் மூச்சு இழுக்கத் தொடங்கினால், என்ன செய்யவேண்டும் என்று அங்கே ஒரு நேர்ஸ் பிள்ளை என்னை இருத்திவைத்துச் சொல்லித் தந்தவர்.

"சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதேங்கோ அம்மா. பிள்ளை ஒரு முழு வசனத்தை ஒரே மூச்சில சொல்லுதோ எண்டு பாருங்கோ. தண்ணி குடிக்குதோ எண்டு பாருங்கோ. சட்டையக் கழட்டிப் போட்டு விலாவப் பாருங்கோ. சத்தமும் நிண்டு, பிள்ளையும் களைச்சுப் போச்செண்டா அதுதான் ஆக மோசம். காத்து உள்ளுக்கே போகேல்லை எண்டு அர்த்தம். அப்ப ஓடி வந்திடவேணும்."

இது ஒன்றும் பெரிய சாத்திரம் இல்லை. எனக்கு ஒரு தரத்தில் விளங்கிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் முட்டு என்றால் சத்தம்தான். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரிக் கேட்கவேண்டும். கேட்டால் வருத்தம், நின்றால் சுகம். பெத்த தாய்மாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பெரிய மனிதர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மாசி மாதம், காலபோக நெல்லு வெட்டு. எங்கள் வீட்டுக்குப் பின்வயலில் வெட்டு மெசின் இறங்கி ஒரே தூசி. யன்னலைச் சாத்தி, சீலை கட்டி, நனைத்த துணி போட்டு என்று நான் செய்யாத வித்தை இல்லை. பின்னேரமே யதுவுக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. பம்ப் அடிக்க அடங்கும், பிறகு இழுக்கும், பிறகு அடிப்பேன். இரவு முழுக்க இதே கூத்து. விடிந்தபோது சத்தம் நின்றுவிட்டது.

என் மாமனார் ஐயாத்துரை எங்களோடுதான் இருக்கிறார். நல்ல மனிதர், யது என்றால் உயிர். அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"முருகா, பிள்ளைக்கு முட்டு விட்டிட்டுது. இனிக் கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும்."

நான் யதுவைப் பார்த்தேன். அவள் படுக்கவில்லை. கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தோளைக் காதுவரைக்கும் தூக்கிக்கொண்டு குந்தியிருந்தாள்.

"தேத்தண்ணி குடிக்கிறியோ செல்லம்?"

"ஓம்."

ஒரு முறடு குடித்தாள். இரண்டாவதை விழுங்க முடியவில்லை, வாயால் வழிந்தது.

"என்னம்மா செய்யுது? சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். வேறொன்றும் சொல்லவில்லை.  வெட்டு மெசினோடு வயலில் நின்ற என் மனுசன் கிருசாந்தனுக்கு ஃபோன் அடித்தேன். மெசின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.

"மாமா, வாங்கோ. பிள்ளையக் கொண்டு போவம்."

"விட்டிட்டுதெல்லே பிள்ளை?"

"விடேல்லை மாமா! விட்டதெண்டா அவள் இவ்வளவுக்கு எங்கட காதைத் திண்டிருப்பாள். வாங்கோ கெதியா!"

நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் மாமா அவளுக்குக் கழுத்துவரை பொத்தான் பூட்டின கோயில் சட்டையைப் போட்டு, முகத்துக்குப் பவுடரும் பூசிவிட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"என்ன மாமா செய்யிறியள்?"

"ஊத்தை உடுப்போட கொண்டு போகாதை பிள்ளை. இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்க, சின்னப் பொடியனா இருந்த உன்ர மனுசனை நான் அப்பிடிக் கொண்டு போனனான். வரிசையால வெளியில தள்ளி விட்டவங்கள்."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? எங்கள் சனம் இன்றைக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கோயிலுக்குப் போகிற மாதிரி வெளிக்கிடவேண்டும். பிள்ளையின் நெஞ்சில் என்ன நடக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாதபடி மூடிக்கட்டிக் கொண்டு போகவேண்டும். சட்டையைக் கழற்ற நேரமில்லை. மாமா பின்னுக்கு ஏறி அவளை நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டார். வாய்க்கால் ரோட்டில் எருமைகள் கிடந்தன. அவள் தலையைத் திருப்பவில்லை.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி சின்னது. ஒரே ஒரு டொக்டர். அன்றைக்குத் திங்கட்கிழமை, சனம் வாசல்வரைக்கும் நின்றது. முட்டு இழுக்கிற பிள்ளைகள் வரிசையில் நிற்கத் தேவையில்லை, நேரே உள்ளே போகலாம் என்று அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் எந்தப் பிள்ளைக்கு முட்டு, எதற்கு இல்லை என்று வாசலில் நின்று பிரிக்கிறது ஆர்? நம்பர் துண்டு கொடுக்கிற சின்னராசா அண்ணை. எதை வைத்துப் பிரிக்கிறார்? காதை வைத்து. அவரைக் குற்றம் சொல்லி என்ன, அவருக்கு வேறொன்றும் ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் உயிரைக் கொண்டுபோய் ஒரு மனிதனின் காதில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

"அண்ணை, பிள்ளைக்கு முட்டு. உள்ள விடுங்கோ."

அவர் குனிந்து யதுவின் வாயடியில் காதை வைத்தார். பழைய ரேடியோ பாடுகிறதோ என்று பார்க்கிற மாதிரி.

"சத்தத்தைக் காணேல்லையே பிள்ளை."

"சத்தம் நிண்டுட்டுது அண்ணை. அதுக்குத்தான் கொண்டு வந்தனான்."

"நிண்டா நல்லந்தானே!" சிரித்துக்கொண்டு நம்பர் துண்டை நீட்டினார். "இந்தாங்கோ. போய் வாங்கிலில இருங்கோ, கூப்பிடுவம்."

"அண்ணை, சத்தம் நிண்டதுதான் பயம். கிளிநொச்சியில சொல்லித் தந்தவை."

"அது கிளிநொச்சி. இது இஞ்சை. போய் இருங்கோ பிள்ளை, பின்னால சனம் நிக்குது."

அந்த நேரம் பார்த்து ஒரு பொடியனைத் தாய் கொண்டு வந்தாள். அவனுக்கு விசில் ஊதுகிற மாதிரி இழுத்தது. அந்த இழுப்போடேயே, "எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தாறன் எண்டு சொல்லிப் போட்டு ஏமாத்திக் கூட்டிக்கொண்டு வந்திட்டீங்கள்" என்று தாயோடு சண்டை பிடித்தான். முழு வசனம். ஒரே மூச்சு. சின்னராசா அண்ணை அவனை நேரே உள்ளே விட்டார். அந்தப் பிள்ளையில் எனக்கு என்ன கோபம்? அவனும் பாவம், அவனுக்கும் வருத்தம்தான். ஆனால் என் பிள்ளை ஒரு சொல்லுக்கு மூச்சில்லாமல் வாங்கிலில் குந்தியிருக்க, ஐஸ்பழத்துக்கு வழக்குப் பேசுகிறவன் முதலில் போகிறான் என்றால் அது என்ன நீதி?

நான் எழும்பிப் போனேன். மாமா என் கையைப் பிடித்து, "சத்தம் போடாதை பிள்ளை, ஏசுவாங்கள்" என்றார். நான் கையை உதறினேன்.

"அண்ணை, இப்ப உள்ள விடுறியளோ இல்லையோ?"

வரிசையில் நின்ற ஒரு மனுசி, "எல்லாருக்கும் பிள்ளைதான் தங்கச்சி" என்றாள். இன்னொரு ஆள், "இப்ப எல்லாரும் முட்டெண்டு சொல்லித்தான் முன்னுக்குப் போகினம்" என்றான். கோதாரியில் போவான், அவன் ஆரென்றுகூட எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டு டொக்டரே வெளியில் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெடியன், படித்து முடித்து வந்து கொஞ்ச நாள்தான். கண்ணெல்லாம் நித்திரை இல்லாத கண். யதுவுக்கு முன்னால் குனிந்தார்.

"பேர் என்ன?"

"யது."

"முட்டு குறைஞ்சிட்டுதோ?"

"ஓம்."

"காலமை சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்."

சட்டைக்கு மேலாலேயே குழாயை வைத்துக் கேட்டார். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. பிறகு நிமிர்ந்தார்.

"இழுப்பு பெரிசா ஒண்டும் கேக்கேல்லை அம்மா. பிள்ளை நல்லாக் கதைக்கவும் செய்யிறா. மருந்துப் புகை பிடிக்க எழுதிவிடுறன், நம்பர் வர வாங்கோ."

நல்லாக் கதைக்கிறாளாம்! என் மகளாம்! ஏழு வருசமாக அவளின் வாயோடு சீவிக்கிறவள் நான். சாப்பிட்டியா என்று கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் ஓம் என்றாளே, அதுவும் பச்சைப் பொய், ஒரு முறடு தேத்தண்ணிகூட உள்ளே போகவில்லை. மூச்சு இல்லாத பிள்ளைக்கு ஆகச் சுகமான மறுமொழி அதுதான். அதைப் போய்க் கதை என்று கணக்கில் எடுக்கிறார்.

"ஓம் எண்டுறது கதையா டொக்டர்? உது என்ர பிள்ளையின்ர கதையில்லை! ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கோ. ஒரேயொரு வசனம்! சொன்னாளெண்டா நான் பின்னேரம் மட்டும் வரிசையில நிக்கிறன்."

"அம்மா, சத்தம் போடாதேங்கோ. மற்ற ஆக்களும் இருக்கினம்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

நான் பின்னால் போக வெளிக்கிட்டேன். சின்னராசா அண்ணை குறுக்கே வந்து என் கையைப் பிடித்தார். அப்போதுதான் நான் அவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பொக்கற் கிழிந்து தொங்கியது, நம்பர் துண்டெல்லாம் நிலத்தில் கொட்டுண்டது. அடிக்கவில்லை, உதைக்கவில்லை. அவரை விலக்கிவிட்டு யதுவைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கோயில் சட்டையின் கழுத்தில் பிடித்து ஒரே இழுவை. பொத்தான்கள் நாலு பக்கமும் பறந்தன.

"இப்ப பாருங்கோ! கண் இருந்தா இப்ப பாருங்கோ!"

விலாவுக்கும் விலாவுக்கும் நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. தொண்டைக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. பவுடர் முகத்தில் உதடு மட்டும் நாவற்பழம் தின்ற உதடு மாதிரி இருந்தது. சத்தம் இல்லை. அவ்வளவு பாடுபட்டு மூச்சு இழுக்கிற பிள்ளையிடம் இருந்து ஒரு சத்தமும் இல்லை. எல்லாருக்கும் பிள்ளைதான் என்று சொன்ன மனுசி, "ஐயோ கடவுளே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளதைச் சொல்லவேண்டும். டொக்டர் திரும்பிப் பார்த்தார், அதற்குப் பிறகு அவர் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. தானே அவளை அள்ளிக்கொண்டு ஓடினார். விரலில் கிளிப் மாதிரி ஒன்றைப் பூட்டி, அதில் விழுந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனார். ஒட்சிசன், ஊசி, மருந்துப் புகை எல்லாம் ஒன்றாக நடந்தது. "அம்புலன்ஸுக்குச் சொல்லுங்கோ, இப்பவே!" என்று கத்தினார். சத்தம் போடாதேங்கோ என்று என்னிடம் சொன்ன அதே வாய்தான். கிளிநொச்சிவரைக்கும் அம்புலன்ஸில் அவளின் காலைப் பிடித்துக்கொண்டே போனேன்.

கிளிநொச்சியில் பெரிய டொக்டர் ஒருத்தர் மறைத்து மூடிக் கதைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா பிள்ளை இல்லையம்மா" என்று நேரே சொன்னார். தலைமுடியெல்லாம் வயல் தூசியோடு ஓடிவந்த கிருசாந்தன் அதைக் கேட்டு வாட் வாசலில் நிலத்தில் இருந்துவிட்டார். நான் அழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பிள்ளை தப்பிவிட்டாள். சில நாளில் வீட்டுக்கு வந்து, அம்புலன்ஸ் லைற் எப்படிச் சுற்றியது என்று கோழிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். இத்தோடு விசயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். மடைச்சி.

சிவகரன் மாஸ்ரர் வந்தார். பழைய அதிபர், இப்போது ஆஸ்பத்திரியின் நோயாளர் நலன்புரிச் சங்கத் தலைவர். வெள்ளைச் சேட்டு மடிப்புக் கலையாமல் கதிரையில் இருந்து, தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்து, கோப்பையை வைத்துவிட்டுத் தொடங்கினார்.

"பிள்ளை தப்பினது சந்தோசம். ஆனா நீர் செய்தது பெரிய பிழை, கௌசலா. கடமையில நிக்கிற ஊழியரில கை வைச்சிருக்கிறீர். எல்லாரும் கொதிச்சுப் போய் நிக்கினம். நான்தான் பொலிசுக்குப் போக விடாமல் மறிச்சு வைச்சிருக்கிறன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில எங்கட சங்கத்தின்ர சிரமதானம். எல்லாரும் நிப்பினம். வந்து ஒரு மன்னிப்புக் கேட்டீரெண்டா அதோட சரி."

"கேக்காட்டி?"

"நாளைக்குப் பிள்ளைக்கு ஏதும் ஒண்டெண்டா நீர் அங்கைதானே வரவேணும்?"

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. சீனி போட்டுக் கலக்கிச் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன மாஸ்ரர் கதைக்கிறியள்? என்ர பிள்ளை சாகக் கிடந்தது உங்களுக்கு ஒரு சந்தோசக் கதை. ஒரு சட்டைப் பொக்கற் கிழிஞ்சதுக்கு ஒரு கூட்டமோ? வாசலில காதால பாத்துப் பிள்ளையளப் பிரிக்கிறாங்களே, அதுக்கு எப்ப கூட்டம் வைக்கப் போறியள்?"

"பாத்தீரோ, இதுதான். இந்த வாய்தான்" என்று எழும்பினார். படலையடியில் மாமாவிடம், "சொல்லி அனுப்புங்கோ ஐயாத்துரை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிருசாந்தன் சண்டைக்கு ஆளில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"ஒரு சொல்லுத்தானே கௌசி. சொல்லிப் போட்டு வாருமன்."

"நான் என்ன பிழை செய்தனான் எண்டு கேக்கச் சொல்லுறியள்?"

"ஒரு பிழையும் செய்யேல்லை. நீர் இல்லாட்டி அவள் இல்லை. எனக்குத் தெரியாதே? ஆனா அவளுக்கு இன்னும் எத்தினை தரம் முட்டு வரும்? ஒவ்வொரு தரமும் அந்த வாசலாலதானே போகவேணும்? வாசலில நிக்கிறவங்களோட பகையை வைச்சுக்கொண்டு என்னெண்டு போறது?"

 பசித்தால் சோறு இன்னொரு கடையில் வாங்கலாம். மூச்சுக்கு எங்களுக்கு அந்த ஒரு வாசல்தான். போவதென்று முடிவெடுத்தேன். ஆத்திரத்தை மென்று விழுங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலையில் யதுவையும் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் விடவில்லை, வீட்டில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. இந்த முறை பொத்தான் இல்லாத பழைய ரீசேட்டோடு. வழி முழுக்கத் தொணதொணத்துக்கொண்டு வந்தாள்.

சிரமதானம் தடல்புடலாக நடந்து முடிந்திருந்தது. வளவு முழுக்கக் கூட்டித் தள்ளி, வேம்பு, தேக்கஞ் சருகெல்லாம் குவித்து, பழைய சாக்குகளையும் போட்டுக் கட்டடத்துக்குப் பின்பக்கம் கொளுத்தியிருந்தார்கள். எங்களை டொக்டரின் அறைக்குள் கூப்பிட்டார்கள். சிவகரன் மாஸ்ரர் நடுக்கதிரையில். சங்கத்து ஆட்கள் சுவரோரமாக. சின்னராசா அண்ணை புதுச்சட்டை போட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். டொக்டர் மேசைக்குப் பின்னால், ஏன் இங்கே இருக்கிறேன் என்று கேட்கிற முகத்தோடு இருந்தார். யதுவுக்கு யன்னலடியில் ஒரு ஸ்ரூல் கொடுத்தார்கள்.

நான் சின்னராசா அண்ணையைப் பார்த்துச் சொன்னேன்.

"அண்ணை, உங்கட சட்டையக் கிழிச்சது பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மனசாரத்தான் சொன்னேன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பரவாயில்லைப் பிள்ளை. எனக்கும் ரெண்டு பேரப்பிள்ளையள் இருக்கு. அண்டைக்கு இரவு நான் நித்திரை கொள்ளேல்லை" என்றார். இதோடு எழும்பி வந்திருக்கலாம். மாஸ்ரர் விட்டால்தானே!

"அப்பிடியில்லை. டொக்டரிட்டையும் கேளும். இனிமேல் வரிசையக் குழப்பமாட்டன், ஆஸ்பத்திரியில சத்தம் போடமாட்டன் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லும்."

எனக்கு உச்சியில் ஏறியது.

"சொல்லமாட்டன்! இனியும் சத்தம் போடுவன். நான் போடாட்டி ஆர் போடுறது? மூச்சில்லாத பிள்ளை போடுமோ? மாஸ்ரர், நீங்கள் வளவைக் கூட்டினீங்கள், கேற்றுக்குப் பெயின்ற் அடிச்சீங்கள். அந்த வாசலில நிக்கிற மனுசனுக்கு, பிள்ளையின்ர சட்டையத் தூக்கி விலாவப் பார் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிக் குடுக்க உங்கட சங்கத்தில ஒரு ஆள் இல்லையோ? மரியாதையாம் மரியாதை! மரியாதையா இருந்திருந்தா இண்டைக்கு நான் என்ர பிள்ளை செத்த எட்டுச்சிலவுக்கு உங்களுக்குச் சொல்லியனுப்பியிருக்கவேணும்!"

"பாருங்கோ, பாருங்கோ" என்று மாஸ்ரர் சுவரோரம் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "தாய்க்கு இன்னும் வாய் அடங்கேல்லை. அந்தப் பிள்ளையப் பாருங்கோ. வந்ததில இருந்து ஒரு சொல்லுக் கதைச்சுதோ? என்ன அமைதி, என்ன அடக்கம். பிள்ளையிட்டைப் பழகும், கௌசலா."

எல்லாரும் யதுவைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். பார்த்தேன்தான், ஆனால் என் கண் முழுக்க மாஸ்ரர் நின்றார். அவருக்கு என்ன மறுமொழி கொடுக்கலாம் என்று மனம் தேடிக்கொண்டிருந்தது. அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன்.

"அம்மா, நிப்பாட்டுங்கோ."

டொக்டர் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. அவர் மாஸ்ரரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. நேரே போய் யதுவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து அவளின் ரீசேட்டைக் கழுத்துவரை தூக்கினார். விலா உள்ளே போகத் தொடங்கியிருந்தது. ஸ்ரூலின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். யன்னலால் சருகுப் புகை திரள் திரளாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அவ்வளவு பேர் அந்த அறைக்குள் இருந்தோம். நான் இருந்தேன். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்த என் பிள்ளையை நான் பார்க்கவில்லை. 

டொக்டர் அவளைத் தூக்கிக்கொண்டு போனார், நான் பின்னால் ஓடினேன். வாட்டில் கட்டிலில் இருத்தி, மருந்துப் புகையைப் பூட்டி, விரலில் கிளிப்பைப் போட்டு, தானே போய் யன்னல் ஒவ்வொன்றாகச் சாத்தினார். பிறகு வந்து இலக்கத்தைப் பார்த்தார். இந்த முறை முகம் வெளுக்கவில்லை.

"பயப்பிடாதேங்கோ அம்மா. வேளைக்குக் கண்டிட்டம்."

"அண்டைக்கு நீங்கள் காணேல்லை டொக்டர்" என்றேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"ஓம்" என்றார். "காணேல்லை."

அந்தப் பெடியன் கேட்டது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது. யது முகமூடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். தோள் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

வாட் வாசலில் செருமல் கேட்டது. சிவகரன் மாஸ்ரர்.

"டொக்டர், சபை காத்துக்கொண்டிருக்கு. பிள்ளையை நேர்ஸ்மார் பாப்பினம்தானே. இந்த மன்னிப்பு விசயத்தை ஒருக்கா முடிச்சிட்டமெண்டா…"

அவருக்குப் பின்னால், திறந்த கதவால் அந்தப் புகை இந்தப் பக்கமும் வரத் தொடங்கியிருந்தது.

"மாஸ்ரர்," என்றேன். எழும்பவில்லை, யது விரலை விடவில்லை. "முதல் போய் நீங்கள் கொளுத்தின நெருப்பைத் தண்ணி ஊத்தி நூருங்கோ. ஆர் ஆரிட்டை மன்னிப்புக் கேக்கிறது எண்டதைப் பிறகு பாப்பம்."

அவர் அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் மறுமொழி சொன்ன பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு வாசலை அடைத்தபடி நின்றார். சின்னராசா அண்ணை வாட்டுக்குள் குழாயில் தண்ணீர் பிடித்து, இரண்டு கையிலும் வாளியோடு அந்த வாசலுக்கு ஓடி வந்தார். "விலத்துங்கோ மாஸ்ரர்" என்று ஒருமுறை சொன்னார். மாஸ்ரர் விலகவில்லை. தோளால் ஒரே இடி இடித்து அவரைச் சுவரோடு தள்ளிவிட்டு, புதுச்சட்டையெல்லாம் தண்ணீர் தெறிக்க, சின்னராசா அண்ணை பின்பக்கத்து நெருப்பை நோக்கி ஓடினார்.